ஆராய்ச்சி நாணயமும் அரசாங்க மானியமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுகாதார, மனித சேவைத் துறையில் ஆராய்ச்சி நாணயக் காரியாலயம் என்ற சிறியதோர் அலுவலகம் இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் நடைபெறும் வைத்திய ஆராய்ச்சிகளில் பொய்க் கணக்கு எழுதியவர்களையும், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகப் பிரசுரித்தவர்களையும் பற்றிய விசாரணைகளை மேற்பார்வையிட்டு, குற்றம் ருசுவானால் அதை ஊரறியப் பிரகடனம் செய்வது அதன் முதற் கடமை. அதே காரியாலயம் சர்வகலாசாலைகளையும் வைத்தியக் கல்லூரிகளையும் விஞ்ஞான சங்கங்களையும் பார்த்து, ஆராய்ச்சியில் நேர்மை என்னும் பொருளைப் பற்றிக் கூடிப் பேச ஒரு மகாநாடு நடத்துங்கள், செலவுக்கு எங்களால் இயன்றதைத் தருகிறோம் என்று விண்ணப்பங்கள் கோரி, மானியமும் வழங்கி வந்திருக்கிறது. ஒரு கையில் தண்டமும் மற்றொரு கையில் தானமுமாக ஒரே காரியாலயம் நிற்பது ஏன் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய் பேசுங்கள் என்று சொல்வதற்கு ஒரு மகாநாடு வேண்டுமா, அதற்குப் பொதுஜனங்களின் வரிப் பணத்திலிருந்து மானியம் வேறு வேண்டுமா என்று சாமானிய மனிதர் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. பொய் சொல்லக் கூடாது என்பதைப் பால பாடத்திலேயே படித்துவிட்டவர்கள்தாம் ஆராய்ச்சிசாலைக்குள் நுழைகிறார்கள். அங்கே போன பிறகும் அவர்களுக்கு யாராவது சத்தியத்தைப் போதிக்க வேண்டுமென்றால், அது அவர்களுடைய படிப்புக்கே இழுக்கு என்று தோன்றுவது இயல்பு. இதற்கு விடை காண வேண்டுமானால் அந்தக் காரியாலயம் எப்படித் தோன்றியது என்ற வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1974-ஆம் வருஷம் மார்ச் மாதம், நியூயார்க் நகரத்து ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் வில்லியம் சம்மர்லின் என்ற வைத்தியர், ஸ்தாபனத்தின் தலைவரான ராபர்ட் குட் என்பவரிடம் காண்பிப்பதற்காகச் சில வெள்ளெலிகளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு பிராணியின் தோலை வேறொன்றின் உடம்பில் ஒட்டினால் அந்த உடம்பு அதை ஏற்காமல் உதிர்த்துவிடும் என்பது வைத்திய சாஸ்திரம் நெடுநாளாக அறிந்த உண்மை. தோலைச் சில வாரங்கள் ஆராய்ச்சிசாலையில் தனியே வைத்து வளர்த்துவிட்டுப் பிறகு ஒட்டினால் உடம்பு அதை உதிர்ப்பதில்லை என்று சம்மர்லின் சொல்லி வந்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. தலைவரின் அறைக்குப் போகும் வழியில், கறுந்தோல் ஒட்டியதாகச் சொல்லப்பட்ட இடங்களை அவர் ஒரு கறுப்பு மைப் பேனாவினால் தீட்டிவிட்டார். தலைவர் கவனிக்கவில்லை. எலிகளைத் திரும்ப வாங்கிக் கூண்டில் விட்ட உதவியாளர்தாம், அந்தக் கறுப்பைக் கண்டு சந்தேகித்து, சிறிது சாராய சத்தைத் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். கறுப்பு கரைந்து போயிற்று. உலகம் போற்றிய ஓர் ஆராய்ச்சியின் பொய்மை வெளிப்பட்டது இவ்வளவு எளிய ஒரு சோதனையினால்தான். அதைச் செய்தவரும் பெரிய விஞ்ஞானி அல்லர், கண்ணில் பட்டதைச் சும்மா விடாத ஓர் ஊழியர் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய சம்பவங்கள் ஒன்றிரண்டு சேர்ந்ததும், 1981-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இளம் அங்கத்தினராக இருந்த ஆல் கோர் ஒரு பகிரங்க விசாரணை நடத்தினார். தேசிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவர் பிலிப் ஹேண்ட்லர் அந்தச் சபை முன் தோன்றி, இந்த விஷயம் மிகவும் பெரிதுபடுத்தப்படுகிறது என்றும், விஞ்ஞானத்தின் முறைகளே பொய்யைக் கண்டுபிடித்துக் களைந்துவிடும் என்றும் சாட்சியம் சொன்னார். அவர் சொன்னது மார்ச் மாத இறுதியில். மே மாதத்தில் ஹார்வர்டு ஆராய்ச்சிசாலையில் ஜான் டார்ஸீ என்ற இருதய ஆராய்ச்சியாளர், ஒரே சமயத்தில் சில நிமிஷங்களில் எடுத்த பதிவுகளுக்கு 24 மணி, 72 மணி, ஒரு வாரம், இரண்டு வாரம் என்று அடையாளம் எழுதிக்கொண்டிருப்பதைச் சக ஊழியர்கள் கண்ணாரக் கண்டார்கள். அவ்வளவு நாள் நீடித்ததாகக் காட்டப்பட்ட பரிசோதனை, அங்கேயே அப்போதே உட்கார்ந்து எழுதி முடிக்கப்பட்டது. 1983-இல் அரசாங்கம் அவருக்குப் பத்து வருஷத்திற்கு ஆராய்ச்சிப் பணம் தருவதில்லை என்று தடை விதித்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. மானியம் பெறும் ஸ்தாபனங்கள் தங்களிடம் எழும் புகார்களை விசாரிக்கக் கிரமமான ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று 1985-இல் விதிக்கப்பட்டது. 1989-இல் இரண்டு அலுவலகங்கள் ஏற்பட்டன. 1992-இல் அவ்விரண்டும் ஒன்றாகி ஆராய்ச்சி நாணயக் காரியாலயம் ஆயின. மறு வருஷம் அதற்குச் சட்டபூர்வமான தனி அந்தஸ்தும் கிடைத்தது. 2000-ஆம் வருஷம் டிசம்பரில், ஆராய்ச்சிக் குற்றம் என்பது எது என்று மத்திய அரசாங்கம் முழுவதற்கும் பொதுவான வரையறை ஒன்று பிரசுரமாயிற்று. இல்லாததை இருப்பதாகப் புனைவது, இருப்பதைத் திரிப்பது, பிறருடைய எழுத்தையும் கருத்தையும் தமதென்று எடுத்துக்கொள்வது ஆகிய மூன்றுமே குற்றம். நேர்மையான பிழையும் அபிப்பிராய பேதமும் குற்றமாகா. குற்றம் செய்தவர் தெரிந்தோ, வேண்டுமென்றோ, பொறுப்பற்ற அசட்டையினாலோ செய்தார் என்பதை நிரூபிக்க வேண்டும். 2005-இல் விரிவான விதிகளும், 2024-இல் அவற்றுக்குத் திருத்தங்களும் வந்தாலும், இந்த மூன்று குற்றங்களே இன்றும் அடிப்படை.

இவ்வளவு குறுகலாகக் கோடு போட்டது நியாயமே. ஒரு மனிதனுடைய ஜீவனத்தையும் பெயரையும் பறிக்கக்கூடிய சட்டம், எதைச் செய்தால் தண்டனை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லியாக வேண்டும். ஆயினும் கோட்டுக்கு இப்பால் என்ன இருக்கிறது என்பதுதான் நம் விஷயத்தின் உயிர்நிலை. 2005-இல் பிரையன் மார்ட்டின்சன் என்பவரும் அவருடைய சகாக்களும் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிட்டார்கள். அரசாங்க நிதி பெற்ற 3,247 ஆராய்ச்சியாளர்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் அளித்த விடைகள் அதில் தொகுக்கப்பட்டிருந்தன. அந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்ததும், நாணயக் காரியாலயமும் தேசிய சுகாதார ஸ்தாபனங்களும் சேர்ந்து நடத்திய ஒரு மானியத் திட்டமே. முந்தைய மூன்று வருஷங்களில் புள்ளி விவரங்களைப் புனைந்ததாகவோ திரித்ததாகவோ ஒப்புக்கொண்டவர்கள் 0.3 சதவிகிதம் பேர், ஆயிரத்துக்கு மூவர். ஆனால் பணம் தந்தவர்களின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கிப் பரிசோதனையின் அமைப்பையோ முறையையோ முடிவையோ மாற்றியதாகச் சொன்னவர்கள் 15.5 சதவிகிதம். குறிப்பேடுகளைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்றவர்கள் 27.5 சதவிகிதம். கடுமையானவை என்று கருதப்பட்ட பத்துத் தவறுகளில் ஏதேனும் ஒன்றையாவது செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்.

ஆயிரத்துக்கு மூவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. மூன்றில் ஒருவரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? நிறுத்தத்தான் வேண்டுமா? தம் பழைய முடிவுக்கு விரோதமாக வந்த ஓர் அளவீட்டை மேஜை டிராயரில் போட்டு வைத்தவரை, தலைவர் எழுதாத கட்டுரையில் அவருடைய பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த இளைஞரை, வேலை மிகுதியால் குறிப்பேட்டை மறுநாள் ஞாபகத்திலிருந்து எழுதியவரைக் குற்றவாளி என்று அழைப்பது தர்மமாகாது. இவர்களைத் திருத்த வேண்டுமானால், தம்மைப் போன்றவர்கள் நடுவில் உட்கார்ந்து, இது தவறா, எவ்வளவு தவறு, வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று மனம் விட்டுப் பேச இடம் தர வேண்டும். மகாநாட்டு மானியத்துக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நாணயக் காரியாலயம் இதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தது என்று சொல்ல வேண்டும். வரையறை பிரசுரமாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 2000-ஆம் வருஷம் நவம்பரில், பெத்தெஸ்டா நகரத்தில் ஆராய்ச்சி நாணயத்தைப் பற்றிய முதலாவது ஆராய்ச்சி மகாநாட்டை அது கூட்டியது. உபதேசங்களைக் கேட்பதற்காக அது கூடவில்லை. ஆராய்ச்சியாளர்கள் ஏன் தவறுகிறார்கள், எத்தனை பேர், எந்தச் சூழ்நிலையில் என்பதை மற்ற விஞ்ஞான விஷயங்களைப் போலவே அளந்தும் எண்ணியும் ஆராய்வதற்காகக் கூடியது. சமூக சாஸ்திரிகளும் மனோதத்துவ நிபுணர்களும் தத்துவ ஆசிரியர்களும் உயிரியல் விஞ்ஞானிகளும் ஒரே சபையில் அமர்ந்தார்கள். அதன் நடவடிக்கைகள் மிச்சிகன் சர்வகலாசாலையின் சரித்திரப் பேராசிரியர் நிகோலஸ் ஸ்டெனெக்கை ஒரு பதிப்பாசிரியராகக் கொண்டு 2002-இல் புத்தகமாயின.

இத்தகைய மகாநாடுகளில் நடப்பது என்ன என்பதற்கு ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன். புரதங்களை அவற்றின் பருமனுக்கு ஏற்பப் பிரித்துப் படமெடுத்தால், வெளிறிய பின்னணியில் கறுத்த சிறு பட்டைகள் வரிசையாகத் தெரியும். ஒரு புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டையே சாட்சி. நாணயக் காரியாலயத்து நிபுணர்கள் இந்தப் படங்களைப் பரிசோதிப்பதற்கென்றே கம்ப்யூட்டர் உபாயங்களை அமைத்துப் பிறருக்கும் இலவசமாகத் தந்தார்கள். படத்தின் கருமையையும் வெளிச்சத்தையும் மிகைப்படுத்திப் பார்த்தால், வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய பட்டையைச் சுற்றிச் சதுரமாக ஒரு விளிம்பு எழுந்து நிற்கும். சாதாரணமாகப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. 2002 முதல் 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' பத்திரிகை தான் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கட்டுரையின் படங்களையும் இப்படிச் சோதித்தபோது, சுமார் 100-க்கு 25 கட்டுரைகளில் ஏதேனும் ஒரு படத்தை மறுபடியும் சரியாகத் தயாரித்துத் தரச் சொல்ல வேண்டியிருந்தது. முடிவையே மாற்றும் அளவுக்குக் கைவைக்கப்பட்டிருந்தவை 100-க்கு ஒன்றுதான். அந்த இருபத்தைந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள இடைவெளியில் இருப்பவர்கள் பொய்யர்கள் அல்லர். படத்தை அழகுபடுத்துவதற்கும் திரிப்பதற்கும் இடையே எல்லை எங்கே என்று அவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, அவ்வளவே. அந்த எல்லையைக் கூடிப் பேசித் தெளிவதுதான் இத்தகைய மகாநாடுகளில் நடப்பது.

விசாரணை செய்யும் பொறுப்பு ஏற்றவர்களுக்கும் இப்படியே. அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் நாணய அதிகாரியாக நியமனம் பெறுகிறவர் பெரும்பாலும் ஒரு பேராசிரியர். போலீஸ் உத்தியோகம் பார்த்தவர் அல்லர். புகார் வந்ததும், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தகவல் சொல்லும் சமயத்திலோ அதற்கு முன்போ, குறிப்பேடுகள், கம்ப்யூட்டர்கள், குளிர்பெட்டியிலுள்ள மாதிரிகள் ஆகியவற்றையெல்லாம் பட்டியல் எழுதிக் கைப்பற்றிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. இருபது வருஷம் அடுத்த அறையில் வேலை செய்த நண்பரின் மேஜையைத் திறந்து இதைச் செய்ய வேண்டியவருக்கு, முன்பே இதைச் செய்த இன்னொருவரின் அநுபவம் எந்தப் புத்தகத்தையும்விடப் பெரிய துணை. அந்த அநுபவம் கூடிப் பேசும் இடத்தில்தான் கிடைக்கும்.

மானியம் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காரியாலயம் அறிவிப்பு வெளியிடும். ஸ்தாபனங்கள் நிகழ்ச்சி நிரலையும், பேசுவோர் யார் என்பதையும், செலவுத் திட்டத்தையும், மகாநாட்டினால் விளைந்த பலனை எப்படி அளந்து பார்ப்போம் என்பதையும் எழுதி மனுச் செய்யும். வெளியார் படித்து மதிப்பிடுவார்கள். தொகை சில பதினாயிரம் டாலர்தான். மத்திய அரசாங்கத்தின் பொது விதிகளின்படி மானியப் பணத்தில் மதுபானத்துக்கும் கேளிக்கைக்கும் ஒரு காசுகூடச் செலவிடக் கூடாது. மகாநாட்டு மானியம் பெற்றவர்கள், இங்கே சொல்லப்படும் அபிப்பிராயங்கள் சுகாதாரத் துறையின் அதிகாரபூர்வமான கொள்கையாக இருக்க வேண்டியதில்லை என்று தங்கள் வெளியீடுகளில் அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பணம் கொடுத்தவர் பேச்சை விலைக்கு வாங்கவில்லை என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

மகாநாட்டுச் செலவில் கண்டிப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2010-ஆம் வருஷம் அமெரிக்க அரசாங்கத்தின் பொதுச் சேவை நிர்வாகம் என்ற இலாகா லாஸ் வேகாஸ் நகரத்தில் தன் அதிகாரிகள் சுமார் முந்நூறு பேருக்கு நடத்திய மகாநாட்டுக்கு 8,23,000 டாலர் செலவாயிற்று. பிறர் மனத்தைப் படித்துச் சொல்வதாக வித்தை காட்டும் ஒருவருக்குக்கூட அதில் கூலி கொடுக்கப்பட்டிருந்தது. சிக்கனத்தைக் காவல் காக்க வேண்டிய இலாகாவே செய்த காரியம் இது. வேலியே பயிரை மேய்ந்ததென்று 2012-இல் நாடே கொதித்தது. அதன் விளைவாக, எந்த இலாகாவும் தான் நடத்தும் மகாநாட்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவிடுவதானால் மேலிடத்துச் சம்மதம் பெற வேண்டும் என்றும், ஐந்து லட்சத்துக்கு மேல் விசேஷ அநுமதியின்றிச் செலவிடவே கூடாது என்றும் உத்தரவு பிறந்தது. நாணயத்தைப் பற்றிப் பேசக் கூடும் சபை மற்றெந்தச் சபையையும்விடத் தன் கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகாநாடு கூடியதால் என்ன கண்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு லிஸ்பன் நகரத்தைக் காட்டுவேன். 2007 செப்டம்பரில் நாணயக் காரியாலயமும் ஐரோப்பிய விஞ்ஞான ஸ்தாபனமும் சேர்ந்து, ஆராய்ச்சி நாணயத்தைப் பற்றிய முதலாவது உலக மகாநாட்டை அங்கே கூட்டின. 2010-இல் இரண்டாவது மகாநாடு சிங்கப்பூரில் நடந்தபோது, 51 தேசங்களிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து ஒரு பிரகடனத்தை உருவாக்கினார்கள். நேர்மை, பொறுப்பு, சக ஆராய்ச்சியாளரிடம் மரியாதையும் நியாயமும், பிறருக்காக ஒப்படைக்கப்பட்டதைப் பேணுதல் என்னும் நான்கு கொள்கைகளும், அவற்றினின்று பிறந்த 14 கடமைகளும் கொண்ட அந்தப் பிரகடனம் ஒரே பக்கத்தில் அடங்கும். மாண்ட்ரியால், ரியோ டி ஜெனிரோ, ஆம்ஸ்டர்டாம் என்று வரிசையாகக் கூடிய சபை, 2019-இல் ஹாங்காங்கில் கூடியபோது இன்னும் ஆழமான வேரைத் தொட்டது. ஆராய்ச்சியாளரை எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணி மதிக்கும் வழக்கமே தவறுகளுக்குத் தாய் என்று கண்டு, முழுமையாக வெளியிடுவதையும், பிறருடைய கட்டுரைகளைப் பரிசீலிப்பதையும், இளையவர்களுக்கு வழிகாட்டுவதையும் மதிப்பில் சேர்க்க வேண்டும் என்று அது கோரியது.

இந்தக் கோரிக்கையின் பின்னால் நிஜ மனிதர்களின் வீழ்ச்சி இருக்கிறது. வெர்மான்ட் சர்வகலாசாலையில் முதுமையைப் பற்றி ஆராய்ந்த எரிக் போல்மன், வயது ஏற ஏற இரத்தத்தில் கொழுப்பு கெடுகிறது என்று காட்டுவதற்காகப் பதிவுகளை மாற்றி எழுதியதை, அவருடைய ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் கண்டுபிடித்துப் புகார் செய்தார். பொய்யான விவரங்களைக் காட்டி அவர் பெற்ற மானியம் 29 லட்சம் டாலர். 2006-இல் அவருக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைவாசம் விதிக்கப்பட்டது. தாம் இருந்த பதவியில் எவ்வளவு மானியம் வைத்திருக்கிறோம் என்பதைக் கொண்டே மனிதனின் யோக்கியதை தீர்மானிக்கப்பட்டது என்று நீதிமன்றத்தில் அவர் சொன்னதைக் குற்றவாளியின் சால்ஜாப்பு என்று ஒதுக்கிவிடலாம், நான் ஒதுக்கமாட்டேன். குற்றத்தை மன்னிக்காமலே அதன் காரணத்தைக் கேட்டுக்கொள்ள முடியும். டியூக் சர்வகலாசாலையில் ஓர் ஊழியர் நுரையீரல் ஆராய்ச்சிப் புள்ளிகளைத் திரித்த வழக்கில், 2019-இல் அந்தச் சர்வகலாசாலை அரசாங்கத்துடன் சமரசம் செய்துகொள்ளக் கொடுத்த தொகை 11.25 கோடி டாலர். தேசிய சுகாதார ஸ்தாபனங்கள் ஆண்டுதோறும் கையாளும் நிதி 4,000 கோடி டாலருக்கும் மேல் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், ஒரு மகாநாட்டுக்குத் தரும் சில பதினாயிரம் டாலரை வீண் செலவென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. இத்தகைய மகாநாடுகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இந்த விஷயத்தில் அக்கறை கொண்டவர்கள்: நாணய அதிகாரிகள், பத்திரிகாசிரியர்கள், ஒழுக்க சாஸ்திரம் கற்பிப்பவர்கள். எலிக்கூண்டருகே நிற்கும் உதவியாளரும், பெரிய பேராசிரியரின் கீழ் அஞ்சி அஞ்சிப் புள்ளிகளைப் பதிவு செய்யும் மாணவரும் அந்த மண்டபத்தில் அரிதாகவே காணப்படுகிறார்கள். ஸ்லோன்-கெட்டரிங்கிலும் ஹார்வர்டிலும் வெர்மான்டிலும் உண்மையைக் கண்டவர்கள் அந்தப் படியில் நின்றவர்களே. ஆகையால் மானியத்தில் ஒரு கணிசமான பங்கு இளையவர்களின் பிரயாணத்துக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். நட்சத்திர விருந்தினரின் சொற்பொழிவு ஒன்று குறைந்தால் நஷ்டமில்லை. தேசிய சுகாதார ஸ்தாபனங்களின் பயிற்சி மானியம் பெறுகிறவர்கள் குறைந்தது எட்டு மணி நேரமாவது ஆசிரியர்களோடு நேருக்கு நேர் அமர்ந்து பொறுப்பான ஆராய்ச்சியைப் பற்றிப் பயில வேண்டும் என்று 2009-இல் விதி செய்தவர்களும், திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது மட்டும் போதாது என்பதை அநுபவத்தில் கண்டே அப்படி விதித்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து உயிரியலும் வைத்தியமும் ஆராயப் பல இளைஞர்கள் அமெரிக்க ஆராய்ச்சிசாலைகளுக்குப் போகிறார்கள். சுகாதாரத் துறையின் பணம் அங்கே வருமானால், எந்த நாட்டுப் பிரஜையாக இருந்தாலும் இந்த விதிகள் அவர்களையும் கட்டுப்படுத்தும், புகார் சொன்னால் பழிவாங்கப்படாதபடி அவர்களையும் காக்கும். அவர்களுக்கும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: சேர்ந்த முதல் மாதத்திலேயே தங்கள் சர்வகலாசாலையின் நாணய அதிகாரி யார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள், அன்றன்று கண்டதை அன்றன்றே தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள், பக்கத்து ஊரில் இத்தகைய மகாநாடு ஒன்று கூடுவதாக அறிவிப்பு வந்தால், மாணவர்களுக்குப் பிரயாண உதவி உண்டா என்று கூச்சமின்றி ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.